"மாமா கட்டிட்டார், திறந்து விடுங்கோ ரீச்சர்!"

கேள்வி: பரந்தனில் உயர்தர இரசாயனவியல் படிப்பிக்கிறேன். நேர்வகுப்போடு, பதிவு செய்த பாடங்களை என் வேர்ட்பிரஸ் தளத்தில் போட்டு, மாதம் 1,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் திறந்து விடுகிறேன். விசுவமடு, மல்லாவி, துணுக்காய், புதுக்குடியிருப்பு என்று இப்போது 120 பிள்ளைகள் வரை இருக்கிறார்கள். காசை என் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, சிட்டையைப் படம் எடுத்து வைபரில் அனுப்புவார்கள். நான் பார்த்து ஒவ்வொருவராகத் திறப்பேன். மாதத்தின் முதல் வாரம் இரவிரவாக இதுதான் வேலை. போன மாதச் சிட்டையையே திரும்ப அனுப்புகிறவர்களும் உண்டு. பாதிப் பேருக்குக் கட்டுவது வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ சித்தியோதான். காசு தானாகக் கழிந்து பாடமும் தானாகத் திறக்க என்ன வழி? கனடாவில் இருக்கும் அக்கா, இணையத்தில் அட்டைக் காசு வாங்கித் தரும் ஸ்ட்ரைப் நிறுவனத்தில் தன் பெயரில் கணக்குத் திறந்து தருகிறேன் என்கிறா. வாங்கலாமா? அட்டை இல்லாத பிள்ளைகளை என்ன செய்வது?
- ஓர் ஆசிரியை, பரந்தன்

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

அக்காவின் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அதில் அவசரப்பட்டால் பிறகு கழற்றுவது கஷ்டம். ஸ்ட்ரைப் இலங்கையில் நடக்கும் தொழில்களுக்குக் கணக்குக் கொடுப்பதில்லை. பேபாலும் நீண்டகாலமாக இங்கிருந்து காசு கட்டத்தான் விட்டதே தவிர, இங்கே காசு வாங்க விடவில்லை. அதனால்தான் வன்னியில் இணையத்தில் ஏதாவது விற்கத் தொடங்கும் எல்லோரும் கனடாவிலோ லண்டனிலோ ஒரு சொந்தத்தைத் தேடுகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு அக்காவின் அடையாளத்திலும் அக்காவின் வங்கியிலும் அக்காவின் வரி எண்ணிலும் நிற்கும். பிள்ளைகள் கட்டுவது முழுக்க அவவின் வருமானமாகத்தான் அங்கே தெரியும். தொழில் உண்மையில் பரந்தனில் நடக்கிறது என்று ஸ்ட்ரைப் கண்டுபிடித்தால் கணக்கை முடக்கி, உள்ளே இருக்கும் காசையும் கொஞ்சக் காலம் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அப்படி முடங்கினால், அக்காவோடு கதைக்கவும் சங்கடமாகிவிடும். அவ உண்மையான பங்காளியாக அங்கேயே ஒரு நிறுவனத்தைப் பதிந்து நடத்துவதென்றால் அது வேறு கதை. 1,500 ரூபாய் வகுப்புக்கு அது தேவையில்லை.

சில பேர் அமெரிக்காவில் கம்பனி பதியச் சொல்லுவார்கள். ஸ்ட்ரைப் அட்லஸ் என்ற சேவை அதைச் செய்துதரும், பதிவுக்கே 500 டொலர். அதன் பிறகு ஆண்டுதோறும் அமெரிக்க வரிப் படிவங்கள் வேறு. உங்களுக்கு வேண்டாம்.

உங்களுக்குப் பொருந்துவது உள்ளூர்க் கட்டண நுழைவாயில்தான், அதாவது அட்டையால் கட்டும் காசை வாங்கி உங்கள் வங்கிக்கு அனுப்பும் சேவை. பேஹியர், வெப்எக்ஸ்பே போன்றவை இலங்கை வங்கிக் கணக்குக்கே காசைச் சேர்க்கும், வெளிநாட்டு விசா, மாஸ்டர் அட்டைகளையும் ஏற்கும். மாமா ரொறன்ரோவில் இருந்தாலும் சூரிச்சில் இருந்தாலும் நீங்கள் ரூபாயிலேயே விலை போடுங்கள். அவருடைய வங்கி தன் பணத்துக்கு மாற்றிக்கொள்ளும். வெளிநாட்டுப் பரிமாற்றம் என்று அது சின்ன ஒரு கட்டணம் போடக்கூடும், அது அவர் பக்கத்துச் செலவு. டொலர் விலை, பவுண்ஸ் விலை என்று நாலு விலை வைத்தால் கணக்குப் பார்க்கும்போது தலை சுற்றும்.

கீழே சொல்லும் நுட்ப விபரங்களுக்குப் பேஹியரை உதாரணமாக எடுக்கிறேன். அதன் வழிகாட்டி பொதுவில் கிடக்கிறது, மாதாந்தத் தானியங்கிக் கழிவும் அதில் உண்டு. வேறு ஒன்றை எடுத்தாலும் அடிப்படை இதேதான். சேருவதற்கு முன் நாலு விஷயம் கேளுங்கள்: நூற்றுக்கு எவ்வளவு எடுப்பார்கள், மாதக் கட்டணம் தனியாக உண்டா, காசு எத்தனை நாளில் வங்கிக்கு வரும், திருப்பிக் கொடுத்தால் அவர்களுடைய பங்கு திரும்பி வருமா. நூற்றுக்கு 3 என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் 1,500 ரூபாயில் 45 போகும். உங்கள் ஒரு வார நித்திரைக்கு அது பெரிய விலையில்லை என்பது என் எண்ணம்.

விண்ணப்பத்தில் ஆட்கள் அதிகம் மாட்டுப்படுவது பெயரில். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். பதிவுச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது என்று நம்மில் பல பேருடைய ஆங்கிலப் பெயர்கள் இருக்கும். மூன்றையும் ஒன்றாக்கிவிட்டு விண்ணப்பியுங்கள். தளத்தில் விலை, தொடர்பு முகவரி, காசு திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை, தனியுரிமைக் கொள்கை எல்லாம் வெளியே தெரிய வேண்டும், அவர்கள் திறந்து பார்ப்பார்கள். தனியுரிமைப் பக்கத்தை வேறு தளத்திலிருந்து வெட்டி ஒட்டாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, உங்கள் அங்கத்தவர்களில் பதினெட்டு வயதாகாத பிள்ளைகளும் இருப்பார்கள். என்ன விபரம் எடுக்கிறீர்கள், ஏன் எடுக்கிறீர்கள் என்று பத்து வரியில் நேராக எழுதினால் போதும்.

சரி, இனி உள்ளே வருவோம். உங்கள் கடிதத்தில் "காசு கட்டினவருக்குத் திறக்க வேண்டும்" என்ற நினைப்பு ஓடுகிறது. அதை அப்படியே மென்பொருளாக்கினால் அது "கட்டினார் / கட்டவில்லை" என்ற இரண்டு பெட்டியாக வந்து நிற்கும். அடுத்த மாதம் முதலாம் திகதி 120 பெட்டியையும் யாரோ அழிக்க வேண்டும், 5ஆம் திகதி சேர்ந்த பிள்ளைக்கும் 25ஆம் திகதி சேர்ந்த பிள்ளைக்கும் ஒரே நாளில் பூட்டு விழும். அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு எண், அந்த எண்ணுக்கு எதிரே ஒரேயொரு திகதி: "இந்த நாள் வரை திறந்திருக்கும்." பாடத்தைத் திறக்க வருகிறவருடைய திகதி தாண்டவில்லையென்றால் விடு, தாண்டியிருந்தால் கட்டணப் பக்கத்தைக் காட்டு. எந்த வழியால் காசு வந்தாலும் அது செய்கிற வேலை அந்தத் திகதியைத் தள்ளி வைப்பது மட்டும். அட்டையில் வந்தால் ஒரு மாதம் தள்ளும், வங்கியில் போட்டால் நீங்கள் தள்ளுவீர்கள், ஏழைப் பிள்ளைக்கு இலவசமாகக் கொடுக்க நினைத்தால் பரீட்சை வரை ஒரேயடியாகத் தள்ளிவிடலாம்.

தள்ளும்போது எங்கிருந்து தள்ளுவது என்பதைத் தளம் செய்கிறவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். 20ஆம் திகதி முடிய இருக்கும் பிள்ளை 15ஆம் திகதியே கட்டினால் அடுத்த மாதம் 20 வரை போக வேண்டும், முந்திக் கட்டினதற்கு ஐந்து நாள் நட்டப்படக் கூடாது. 20ஆம் திகதி முடிந்து 28ஆம் திகதி கட்டினால் 28இலிருந்து எண்ண வேண்டும். இன்றைய திகதி, முடியும் திகதி இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து ஒரு மாதம். சேர்வர், அதாவது உங்கள் தளம் இருக்கும் கணினி, பெரும்பாலும் உலக நேரத்தில் ஓடும். அங்கே நள்ளிரவு என்றால் இங்கே காலை ஐந்தரை. விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பிப் படிக்கிற பிள்ளைக்குப் பாதிப் பாடத்தில் பூட்டு விழாமல் இருக்க, தளத்தின் நேரத்தைக் கொழும்பு நேரமாக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது மாமா. உங்கள் வகுப்பில் காசு கட்டுகிறவர் வேறு, படிக்கிறவர் வேறு. வேர்ட்பிரஸ்ஸில் கிடைக்கும் அங்கத்துவ நிரல்கள் அநேகமாக இரண்டு பேரும் ஒருவரே என்று நினைத்துச் செய்யப்பட்டவை. மாமா தன் மின்னஞ்சலைக் கொடுத்துக் கட்டினால் மாமாவின் பெயரில் ஒரு புது அங்கத்தவர் உருவாகுவார், மருமகளுக்குப் பாடம் திறக்காது, பிறகு அதே கதைதான்: "மாமா கட்டிட்டார், திறந்து விடுங்கோ ரீச்சர்!" இதைத் தவிர்க்க, மாணவர் தன் கணக்கில் நுழைந்து "எனக்காகக் கட்டுகிறவருக்கு அனுப்பு" என்று ஒரு இணைப்பை எடுக்கட்டும். அந்த இணைப்புக்குள் மாணவரின் எண் இருக்கும். மாமா வைபரில் வந்த இணைப்பைத் தட்டி, பிள்ளையின் பெயரும் தொகையும் சரியா என்று பார்த்து, தன் அட்டையைத் தானே போடுவார். ஒவ்வொரு கட்டணத்துக்கும் போட்டு நுழைவாயிலுக்கு அனுப்பும் ஓர்டர் எண்ணிலேயே மாணவரின் எண்ணைச் சேர்த்துவிட்டால், திரும்பி வரும் தகவலில் மாமாவின் பெயர் எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. இப்போது சில வீடுகளில் மாமா அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்ப, பிள்ளை இங்கே இருந்து இலக்கத்தை அடிக்கிறது. வங்கியின் உறுதிப்படுத்தும் இலக்கம் மாமாவின் தொலைபேசிக்குப் போகும். இங்கே பகல் 11 மணி என்றால் ரொறன்ரோவில் நடுச்சாமம், அவர் பார்க்கும்போது நேரம் முடிந்திருக்கும். அட்டைப் படம் வைபர் குழுக்களில் அலைவது அதைவிட ஆபத்து. உங்களுக்கு யாராவது அட்டைப் படம் அனுப்பினால் உடனே அழித்துவிட்டு இணைப்பை அனுப்புங்கள். உங்கள் தளத்திலும் அட்டை இலக்கம் எதுவும் தங்கக் கூடாது, பின்பக்கத்து மூன்று இலக்கத்தைச் சேமிப்பதை அட்டை நிறுவனங்களின் பாதுகாப்பு விதி அடியோடு தடுக்கிறது. இலக்கத்தை அடிக்கும் பெட்டி நுழைவாயிலின் பக்கத்தில் இருக்க வேண்டும், உங்களுடையதில் இல்லை.

தானாகத் திறப்பது எப்படி என்று கேட்டீர்கள். காசு கட்டி முடிந்ததும் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, கட்டினவரின் திரை "நன்றி" என்ற உங்கள் பக்கத்துக்குத் திரும்பும். மற்றது, நுழைவாயிலின் சேர்வர் உங்கள் சேர்வருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பும், அதற்கென்று ஒரு முகவரியை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் நன்றிப் பக்கத்தில் பாடத்தைத் திறந்துவிடுவார்கள். அது பெரிய ஓட்டை. அந்தப் பக்கத்தின் முகவரியைக் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று வகுப்புக்கே அனுப்பிவிடும். மறுபக்கம், காசு கட்டிய கையோடு சிக்னல் போய்விட்டால் நேர்மையாகக் கட்டினவருக்குப் பாடம் திறக்காது. முறிகண்டி தாண்டிப் பஸ்ஸில் போகிறபோது கட்டுகிற ஆளை நினைத்துப் பாருங்கள். திகதியைத் தள்ளுவது சேர்வர் செய்தியை வைத்து மட்டும்தான் நடக்க வேண்டும்.

அந்தச் செய்தியையும் கண்ணை மூடி நம்பக் கூடாது. பேஹியர் அனுப்பும் செய்தியில் ஒரு கையொப்பக் குறி வரும். உங்கள் வியாபாரி எண், ஓர்டர் எண், தொகை, நாணயம், நிலை எண், உங்கள் இரகசியச் சொல் ஆகியவற்றைச் சேர்த்து எம்டி5 என்ற கணக்கு முறையில் பிழிந்தெடுத்த குறி அது. உங்கள் சேர்வரும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, இரண்டும் ஒத்தால் மட்டும் ஏற்க வேண்டும். இரகசியச் சொல் சேர்வருக்குள் இருக்க வேண்டியது, பார்க்கிறவரின் உலாவியிலேயே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் எழுதிவிட்டால் யாரும் பார்க்கலாம். நிலை எண் 2 என்றால் காசு வந்தது, 0 என்றால் இன்னும் முடியவில்லை, -1 கட்டுகிறவர் விட்டுவிட்டார், -2 தோல்வி, -3 என்றால் கொடுத்த காசை அவருடைய வங்கி திருப்பி எடுத்துவிட்டது. 2 வரும்போது மட்டும் தள்ளுங்கள். தொகை உண்மையில் 1,500 தானா என்றும் பார்க்க வேண்டும். ஒரே செய்தி இரண்டு முறை வந்தால் இரண்டு மாதம் தள்ளிவிடாமல், கட்டண எண்ணைப் பதிந்துவைத்து "இது ஏற்கெனவே வந்தது" என்று விடச் சொல்லுங்கள்.

உங்கள் தளத்தின் பாதுகாப்பு நிரல் இந்தச் செய்தியை யாரோ அந்நியன் என்று நினைத்துத் தடுப்பது அடிக்கடி நடக்கிறது. காசு வருகிறது, பாடம் திறக்கவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள். தளம் செய்கிற தம்பி தன் மடிக்கணினியிலேயே வைத்துச் சோதித்தால் செய்தி அவருக்கு வரவே வராது. இணையத்தில் உண்மையான முகவரியில் வைத்து, நுழைவாயில் தரும் சோதனைக் களத்தில் பார்க்க வேண்டும்.

மாதாமாதம் தானாகக் கழிப்பதற்கு வருவோம். ஓர்டரோடு "ஒவ்வொரு மாதமும்" என்றும், எத்தனை காலத்துக்கு என்றும் சொல்லி அனுப்பலாம். "எப்போதும்" என்று போடும் வசதியும் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைக்கு மாமா இன்னும் ஆறு மாதம் கட்டிக்கொண்டிருந்தால், ஒருநாள் அட்டைக் கூற்றைப் பார்த்து வங்கியிடம் "எனக்குத் தெரியாத கழிவு" என்று முறையிடுவார். அது -3 ஆக உங்களிடம் வரும். அப்படிப் பல வந்தால் நுழைவாயில் உங்களையே சந்தேகிக்கும். பிள்ளை எந்த ஆண்டுப் பரீட்சைக்குத் தோற்றுகிறது என்று கேட்டு, அந்த மாதத்தோடு முடியும்படி காலத்தைப் போடுங்கள். நிறுத்தும் பொத்தானையும் ஒளித்து வைக்காதீர்கள்.

முதல் கழிவுக்கு மட்டும்தான் வழக்கமாக உறுதிப்படுத்தும் இலக்கம் கேட்பார்கள், பின்னால் வருபவை சத்தமில்லாமல் நடக்கும். அட்டை காலாவதியானாலோ கணக்கில் காசில்லாவிட்டாலோ தோல்விச் செய்தி வரும். உடனே பூட்டாமல் ஐந்து நாள் விடுங்கள். "கழிவு நடக்கவில்லை" என்ற செய்தியைக் கட்டுகிறவருக்கு அனுப்புங்கள். பிள்ளையின் திரையில் சிவப்பு எழுத்தில் காட்டுவது வேண்டாம், மாமாவுக்கு வேலை போனதைப் பிள்ளை இரசாயனப் பாடத்துக்குள் அறிய வேண்டியதில்லை. நின்றுபோன சந்தாவைத் திரும்ப முயற்சிக்கவும் நிறுத்தவும் பேஹியர் தனி வழி வைத்திருக்கிறது.

அட்டை இல்லாத வீடுகள்தான் உங்களுக்கு அதிகம் என்று நினைக்கிறேன். டெபிட் அட்டை இருந்தாலும் இணையக் கொடுப்பனவுக்கு வங்கியில் சொல்லித் திறக்காமல் இருப்பார்கள். அதைத் திறக்கச் சொல்லி ஒரு சின்னக் காணொளி போட்டால் கொஞ்சப் பேர் இந்தப் பக்கம் வருவார்கள். மற்றவர்களுக்கு நான் சொல்வது தொலைபேசி ரீலோட் அட்டை மாதிரி ஒரு துண்டு. தளத்தில் ஒருமுறை மட்டும் செல்லும் பன்னிரண்டு எழுத்துக் குறிகளை உருவாக்கி அச்சடித்து, புதுக்குடியிருப்பிலும் மல்லாவியிலும் நீங்கள் நம்பும் புத்தகக்கடை ஒவ்வொன்றில் கொடுங்கள். கடைக்காரருக்கு ஒரு துண்டுக்கு 50 ரூபாய் கழிவு. பிள்ளை காசைக் கொடுத்து வாங்கி, குறியைத் தளத்தில் அடித்தால் திகதி ஒரு மாதம் தள்ளும். குறிகள் வரிசை எண்ணாக இல்லாமல் தாறுமாறாக இருக்க வேண்டும், ஐந்து முறை பிழையாக அடித்தால் கொஞ்ச நேரம் மறுக்க வேண்டும். எந்தக் கடைக்கு எந்தக் குறிகள் போயின என்று எழுதி வையுங்கள், துண்டு தொலைந்தால் அந்தக் கடைக்குப் போன குறிகளை மட்டும் செல்லாமல் ஆக்கலாம்.

இதில் மூன்று மாதத் துண்டும் வையுங்கள். இரணைமடுவுக்குக் கீழே வயல் செய்கிற குடும்பத்துக்குக் காசு மாதாமாதம் வருவதில்லை. காலபோக நெல் விற்றதும் ஒன்றாகக் கட்டக் கேட்பார்கள், அதற்குப் பிறகு சிறுபோகம் வரை கை இறுக்கம். மாதச் சந்தா என்பது சம்பளக்காரருக்கு உருவான பழக்கம். மூன்று மாதத்துக்கு 4,200 என்று கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் அவர்களுக்கும் வசதி, உங்களுக்கும் வேலை குறைவு.

வங்கியில் போடுகிறவர்களை ஒரேயடியாக நிறுத்த முடியாது. வங்கிச் செயலியால் அனுப்பும் காசு நொடியில் உங்கள் கணக்குக்கு வந்தாலும், வங்கி அதை உங்கள் தளத்துக்குச் சொல்லாது. அதனால் அந்த வழி கையால்தான் நடக்கும். மாணவர் எண்ணைக் குறிப்பில் போடச் சொல்லுங்கள், சிட்டையின் தொடர் இலக்கத்தைத் தளத்தில் பதியுங்கள், அதே இலக்கம் இரண்டாம் முறை வந்தால் தளமே மறுக்கட்டும். போன மாதச் சிட்டை அதோடு நின்றுவிடும். படத்தைக் கண்ணால் பார்த்து நம்பாமல், வங்கிக் கூற்றில் காசைக் கண்ட பிறகு தள்ளுங்கள். இந்தக் காலத்தில் தொலைபேசியிலேயே சிட்டையில் திகதியை மாற்றுகிறார்கள்.

வருமானம் பற்றி ஒரு வார்த்தை. 120 பேரும் கட்டினால் மாதம் 1,80,000, ஆண்டுக்கு 21,60,000. 2025 ஏப்ரலிலிருந்து தனிநபர் வரிவிலக்கு ஆண்டுக்கு 18 இலட்சம். நேர்வகுப்புக் காசையும் சேர்த்துச் செலவுகளைக் கழித்தால் நீங்கள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலோ தாண்டியோ நிற்பீர்கள். நுழைவாயில் வழியாக வரும் ஒவ்வொரு ரூபாயும் பதிவில் இருக்கும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு கணக்காளரை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள், மார்ச் முடிந்த பிறகு ஓடுவதைவிட அது மலிவு.

வேலையை எந்த வரிசையில் தொடங்குவது என்று கேட்பீர்கள். திகதி முறையையும் கடைத் துண்டையும் முதலில் செய்விக்கவும், அவற்றுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பெயர்ப் பதிவும் நுழைவாயில் விண்ணப்பமும் அதற்குப் பக்கத்தில் ஓடட்டும். அனுமதி வந்ததும் உங்கள் சொந்த அட்டையில் ஒருமுறை 1,500 கட்டிப் பாருங்கள். கட்டும்போது நன்றிப் பக்கம் வருவதற்கு முன் உலாவியை வேண்டுமென்றே மூடிவிடுங்கள். அப்படியும் திகதி தள்ளியிருந்தால், வெளிநாட்டு மாமாக்களுக்கு இணைப்பை அனுப்பத் தொடங்கலாம். தள்ளவில்லையென்றால் தளம் செய்கிற தம்பிக்குக் கடைசிக் காசைக் கொடுக்காதீர்கள்.